போடிமெட்டுக் காற்றில் நின்ற சாய்ப்பு

எங்கள் வீட்டுக்காரர் சுந்தரம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பழைய வேனை வாங்கி, கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "இனிமே இதுதான் நம்ம வீடு" என்றார். அப்போது திருச்சியில் எங்களுக்கு மூன்று அறையோடு சொந்த வீடு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வண்டியில் அவருக்குப் பெருமை எல்லாம் சாய்ப்பில்தான். வேனின் இடது பக்கம், கூரையோரமாக நீளமான பெட்டி ஒன்று. உள்ளே துணி சுருண்டு கிடக்கும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் துணி வெளியே வரும். முன்னால் இரண்டு கம்பங்களை இறக்கி ஊன்றினால் பன்னிரண்டடி நீளத்துக்கு, எட்டடி அகலத்துக்கு நிழல். வெளிநாட்டுச் சரக்கு, கூடவே தடியான கையேடு. அவர் அதை ஆனிங் என்பார். தெருவில் தகரத்தில் போட்டால் சாய்ப்பு, துணியில் போட்டால் ஆனிங்கா என்று கேட்டு நான் சாய்ப்பு என்றே சொல்லி வருகிறேன்.

வெயிலுக்குச் சரி, காற்றுக்கும் மழைக்கும் தாங்குமா என்பதுதான் என் சந்தேகம். "தாங்கும்" என்றார் ஒரே வார்த்தையில். அவர் கட்டிய பாலங்களைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்.

சோதித்துப் பார்க்க வாய்ப்பு தானாக வந்தது. மதுரையில் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் பாண்டியம்மாள். போடிக்குப் பக்கத்தில் சிலமலைக்காரி. அவள் மகள் கயலுக்கு ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். "மூணு நாள் முன்னாடியே வந்துரு ராஜி, உன்னால எனக்கு ஒரு சோலி ஆகணும்" என்று போனில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மதியம் சிலமலையில் இறங்கினோம்.

பாண்டியம்மாள் வீட்டை ஒட்டித் தென்னந்தோப்பு. இவர் வண்டியை அங்கே நிறுத்தி, உடனே சாய்ப்பை விரிக்க ஆரம்பித்துவிட்டார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் கம்பியின் மேல் வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கும் வரை கம்பங்களை ஏற்றி இறக்கினார். பிறகு நைலான் கயிற்றால் இரண்டு தென்னைகளில் இழுத்துக் கட்டினார். தட்டினால் தவில் மாதிரி சத்தம் வந்தது. அரை ஊர் கூடிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். முறுக்கு மீசை, தோளில் துண்டு. பாண்டியம்மாளின் அண்ணன் தவசி. அவள் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர்.

"என்ன அப்பு, ஊருக்குள்ள சர்க்கஸ் வந்துருக்கா?"

இவர் சாய்ப்பின் அருமை பெருமைகளை விளக்கத் தொடங்கினார். பாதிகூட முடியவில்லை. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. துணி மேல்நோக்கி உப்பியது, ஒரு கயிறு பட்டென்று அறுந்தது, கம்பம் தரையை விட்டுக் கிளம்பிக் கூரையில் அறைந்தது. நாற்காலி ஒன்று கிணற்றுப் பக்கம் உருண்டோடியது. கட்டியிருந்த ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டது.

தவசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. எங்க ஊர்ல ஆவணியிலயும் அதே காத்துதான். உங்க துணி எம்மாத்திரம்!"

எங்கள் ஊரில் காற்று வேண்டுமென்றால் மின்விசிறியைப் போட வேண்டும். இவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்ததை மறைப்பானேன்.

இட்லியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாண்டியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை சரவணன், மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான். கயல் போடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இருமலே இல்லாமல் வாரம் தவறாமல் இருமல் மருந்து வாங்க வந்தவன் அவன். வைகாசியில் நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்துபோக, நாள் தள்ளிப்போனது. தவசிக்குத் தன் மகனுக்குக் கயலைக் கட்ட வேண்டும் என்று ஆசை. அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தேதி சாவுல போச்சு. ரெண்டாவது தேதியும் தட்டுனா சாமிக்கே இஷ்டமில்லைன்னு அர்த்தம். அப்புறம் அந்த மலைக்காரன் பேச்சே இந்த வீட்ல இருக்கக் கூடாது. இதுதான் எங்கண்ணன் போட்ட கண்டிசன்" என்றாள் பாண்டியம்மாள். "சபையில தாய்மாமன் சம்மதம்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் தட்டு மாத்த முடியும். அவரை மீறி நான் என்ன செய்ய?"

கை கழுவப் போன இடத்தில் கயல் பின்னாலேயே வந்தாள். "பெரியம்மா, வெள்ளிக்கிழமை எப்படியாச்சும் நடந்துரணும்" என்றாள். சொல்லிவிட்டு என் கைக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள்.

பாண்டியம்மாள் சொன்ன சோலி இதுதான்: நாங்கள் மலையேறி மாப்பிள்ளை வீட்டில் ஒருநாள் தங்கி, பையனை நன்றாகப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை அவர்களோடு சேர்ந்தே இறங்கி வர வேண்டும். "நீ பாத்துட்டுச் சரின்னா எனக்கு நிம்மதி." வேவு பார்க்கிற வேலை. எனக்குப் பிடித்த வேலை.

புதன்கிழமை காலை போடியில் டீ குடித்தோம். ஊரே ஏலக்காய் மணக்கிறது. டீயில் மட்டும் ஏலக்காய் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். "விக்கிறதுக்குத்தானேக்கா ஏலக்காய், குடிக்கிறதுக்கா?" என்றார். நியாயம்தான்.

மலைப்பாதையில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள். உள்ளே தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வளைவில் எங்களை முந்தும்போது ஒருத்தி தலையை நீட்டி, "ஏத்தா, வீட்டைத் தூக்கிட்டு எங்க ஓடுறீக? வீட்டுக்காரன் வாடகை கேட்டானா?" என்று கத்தினாள். ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் மட்டும் ரோட்டைப் பார்த்தார்.

போடிமெட்டை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினோம். இவருக்கு ரோஷம். சாய்ப்பை விரித்தார், மறுபடியும் ரசமட்டம், மறுபடியும் குமிழி நடுவில். பத்து நிமிடத்தில் துணியின் நடுவே தண்ணீர் தேங்கிப் பானை வயிறு போலத் தொங்கியது. கம்பிகள் முனகின. விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து குத்தினார். இரண்டு குடம் தண்ணீரும் அவர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போயிற்று.

டீக்கடைச் சேச்சி மலையாளத்தில் ஏதோ சொல்ல, கடையில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "குளிக்கணும்னா உள்ள வெந்நீர் இருக்குன்னு சொல்லுது" என்று பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார். ஜீப் டிரைவர், பெயர் செல்வம். டம்ளரை வைத்துவிட்டு அவரே சாய்ப்புக்கு அடியில் வந்தார்.

"அண்ணே, மலையில எதுண்ணே மட்டமா இருக்கு? ரோடு மட்டமா, வீடு மட்டமா? இது மட்டும் ஏன் மட்டமா நிக்கணும்?"

சொல்லிக்கொண்டே ஒரு கம்பத்தை ஒன்றரை அடி இறக்கினார். தேங்கியிருந்த தண்ணீர் அந்த மூலை வழியாக அருவி மாதிரி கொட்டித் தீர்ந்தது. பிறகு தன் ஜீப்பிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். உள்ளே பழைய லாரி ட்யூபை விரல் அகலத்துக்கு வெட்டிய ரப்பர் நாடாக்கள். மலையில் ஓடும் ஜீப்பில் படுதா கட்டுவதும், மூட்டை கட்டுவதும், கழன்ற கதவைக் கட்டுவதும் இதை வைத்துத்தான். இவர் கட்டியிருந்த கயிறுகளை எல்லாம் அவிழ்த்தெறிந்துவிட்டு ரப்பரால் கட்டினார்.

"கயிறு காத்தோட மல்லுக்கு நிக்கும். அதான் அறுந்துபோகுது. ரப்பரு காத்தோட கொஞ்சம் போகும், திரும்பி வந்துரும்." கடைசியாகத் துணியின் மேலே குறுக்காக ஒரு நாடாவைப் போட்டு, வேன் கூரையிலிருந்து கம்பம் வரை இழுத்துவிட்டார். துணி உப்பி எழாமல் இருக்க.

முப்பத்தைந்து வருட அனுபவமுள்ள ஓவர்சியர் தலையைத் துவட்டிக்கொண்டே, ஒரு நோட்டில் எல்லாவற்றையும் படம் போட்டுக் குறித்துக்கொண்டார். மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் அது. தோற்றால் ஒத்துக்கொள்வார், என்னிடம் மட்டும் மாட்டார்.

"எந்தப் பக்கம்ணே போறீங்க?" என்று செல்வம் கேட்டார். சொன்னோம். "அட, அந்த நிச்சய லோடு என் வண்டியிலதான் வெள்ளிக்கிழமை இறங்குது!" என்றார். சம்பந்தி வீட்டாரை லோடு என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் கட்டன் சாயாவும் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொடுத்தார்கள். மறுநாள் வியாழக்கிழமை பூராவும் நான் வேவு பார்த்தேன். சரவணன் ஸ்டோரில் நின்று, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பதும், காயைக் கையில் அள்ளி நிறம் பார்ப்பதுமாக இருந்தான். வேலைக்காரப் பெண்களை அக்கா என்றுதான் கூப்பிட்டான். கயலைப் பற்றிக் கேட்டால் காது சிவந்தது. பாண்டியம்மாளுக்குச் செய்தி அனுப்பினேன்: "தங்கமான பையன். ஒரே குறை, கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்கிறான்." உடனே பதில் வந்தது: "அது குறையா? இங்க கேக்காததுக்கும் பதில் சொல்ல எம் மக ஒருத்தி இருக்கா."

அந்த இரண்டு இரவும் நல்ல மழை. சாய்ப்பு வெளியிலேயே விரிந்திருந்தது. வெள்ளி காலையில் பார்த்தால் அடியில் போட்ட நாற்காலிகள் காய்ந்து கிடந்தன. இவர் அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் இரண்டு ஜீப்பில் மாப்பிள்ளை வீட்டார், பின்னால் நாங்கள். நல்ல நேரம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் ராகு காலம். எட்டரைக்கே சிலமலையில் இருப்போம் என்று கணக்கு. போடிமெட்டைத் தாண்டி நாலைந்து வளைவு இறங்கியதும் செல்வம் பிரேக் போட்டார். ரோட்டுக்குக் குறுக்கே, வேரும் மண்ணுமாக ஒரு பெரிய மரம் கிடந்தது. மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

ஆட்கள் குனிந்து அடியில் நுழைந்து போய்விடலாம், வண்டி போகாது. மறுபக்கம் ஒரு பஸ்சும் வரிசையாகக் கார்களும். மரம் அறுக்கிற ஆள் போடியிலிருந்து வர வேண்டும். "பதினோரு மணியாச்சும் ஆகும்" என்றார் அந்தப் பக்கமிருந்து வந்த பஸ் கண்டக்டர்.

மாப்பிள்ளையின் அம்மா ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "இந்தத் தேதியும் போச்சா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரவணன் மரத்தை வெறித்துக்கொண்டு நின்றான். நான் போனைப் போட்டேன். பாண்டியம்மாளிடம் மரம் விழுந்ததைச் சொன்னேன். பக்கத்தில் தவசியின் குரல் நன்றாகவே கேட்டது: "நான் சொல்லல? சாமியே மரத்தைத் தள்ளிருச்சு!"

எனக்குக் கோபம் வந்தது. யோசிக்காமல் சொன்னேன். "பாண்டி, அவங்க இறங்க முடியாட்டி என்ன? நீங்க ஏறி வாங்க. தாம்பாளத்தைத் தூக்கிட்டு, கயலைக் கூட்டிட்டு வெரசா வா. இங்கேயே முடிப்போம்."

"மழையிலயாடி? நடுரோட்டுலயா?"

"எங்ககிட்டதான் சாய்ப்பு இருக்கே!"

சொன்ன பிறகுதான் இவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று கிளம்பியிருந்தது. கையேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். காற்று பலமாக அடித்தால் உடனே சுருட்டிவிடவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவர் ஜீப்பில் அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். கையேட்டை முன் சீட்டில் போட்டுக் கதவைச் சாத்தினார்.

"செல்வம், உன் சாக்கைக் கொண்டா" என்றார்.

கொஞ்சம் மேலே வளைவு அகலமாக இருந்தது. வேனை அங்கே பாறைப் பக்கம் ஒட்டி நிறுத்தி, காற்று வரும் திசையில் இரண்டு ஜீப்பையும் சுவர் மாதிரி நிறுத்தினார்கள். தார் ரோட்டில் முளை அடிக்க முடியாது. ஒரு கம்பத்தை ஒரு ஜீப்பின் பம்பரோடு ரப்பரால் கட்டினார்கள், இன்னொன்றை அடுத்த ஜீப்போடு. ஒரு மூலை தாழ்வாக. மேலே குறுக்கு நாடா ஒன்றுக்கு மூன்று. நான் ஈரத்தைத் துடைத்து, வேனிலிருந்த பாய், ஜமுக்காளம், கட்டிலின் மெத்தை உறை எல்லாவற்றையும் விரித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சனம் வேடிக்கை பார்த்தது. பிறகு வேடிக்கையை விட்டுவிட்டுக் கல் தூக்கிக் கொடுத்தது.

ஒன்பதே முக்காலுக்கு மரத்தின் அடியில் ஒரு பட்டுப்புடவை குனிந்து நுழைந்தது. கயல். முழங்கால் வரை சேறு, தலையில் பூ, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பின்னால் பாண்டியம்மாள், தாம்பாளம் ஏந்திய பெண்கள், பெரிய எவர்சில்வர் தூக்கில் கேசரி. கடைசியாகத் தவசி.

அவர் சாய்ப்பை மேலும் கீழும் பார்த்தார். "அன்னிக்குப் பறந்த துணிதானே இது? இதுக்கடியிலயா என் மருமகளுக்கு நிச்சயம்? சபைன்னா ஒரு மட்டு மரியாதை வேண்டாமா? தேதி போனா போகட்டும்."

பாண்டியம்மாள் அண்ணனுக்கு எதிரே நின்று பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "அண்ணே, தேதி தட்டுனாத்தான்னு நீ சொன்ன. தேதி தட்டலையே, இடம்தான மாறியிருக்கு. உக்காரு."

அவர் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த மூலைக் கம்பத்தின் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மற்றவர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேர் சொல்லி, ஊர் சொல்லி, பேச்சை ஆரம்பித்தார்கள்.

அப்போது பார்த்துக் கொட்டியது மழை. பேசுவது காதில் விழவில்லை. துணி மேல் கல் அள்ளிப் போட்டது மாதிரி சத்தம். தாழ்ந்த மூலை வழியாக வாய்க்கால் போலத் தண்ணீர் ஓடியது. நடுவில் ஒரு சொட்டு தேங்கவில்லை. காற்று வந்து முட்டும்போதெல்லாம் சாய்ப்பு ஒரு சாண் எழுந்து, ரப்பர் இழுக்க மறுபடி பழைய இடத்துக்கு வந்தது. செல்வம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மணி பத்து தாண்டியது. மணப்பெண் வீட்டுப் பெரியவர் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் ஒரு காற்று வந்தது பாருங்கள், சிலமலையில் வந்ததற்கு அப்பன். ஜீப்பே ஆடியது. தாழ்ந்த மூலையில் பம்பரிலிருந்து ரப்பர் நழுவியது. கம்பம் ரோட்டை விட்டு எழுந்தது. பெண்கள் அலறினார்கள். இவர் எட்டிப் பிடிக்க ஓடினார், ஆனால் தூரம்.

பக்கத்தில் நின்றவர் தவசி. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நினைக்க நேரமும் இல்லை. மனிதர் இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, தன் பாரம் முழுவதையும் போட்டுக் கீழே அழுத்தினார். செருப்பு வழுக்கியது. துண்டு பறந்து பள்ளத்தில் போனது. மூலையில் ஓடிய தண்ணீர் அத்தனையும் அவர் தலையில் விழுந்தது. கம்பத்தை விடவில்லை. விளக்கின் சுடர் படுத்து, பிறகு நிமிர்ந்தது.

சபை முழுவதும் அவரையே பார்த்தது. தாய்மாமன் சொல்லாமல் தட்டு மாறாதே.

"என்னய்யா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க?" என்று கத்தினார். "வெரசா மாத்துங்கய்யா தட்டை! நான் விட்டா பொண்ணும் விளக்கும் பள்ளத்துல போயிரும்!"

பெரியவர் விவரமானவர். "அப்ப, தாய்மாமனுக்குச் சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம்! இன்னும் எத்தன தடவை? சம்மதம்!"

பத்தேகாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தட்டு மாறியது. மரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள், ஒருவர் விசில் அடித்தார், டிரைவர் ஹாரனை அழுத்தினார். பாண்டியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சிரித்தேன். சொட்டச் சொட்ட நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தாங்கும்னு சொன்னீங்க, தாங்கிருச்சு" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை.

கேசரி போதவில்லை. பஸ்சுக்கும் கார்களுக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். வேனுக்குள் எங்கள் அடுப்பில் டீ ஓயாமல் கொதித்தது; சரவணன் வீட்டு ஏலக்காயைத் தாராளமாகத் தட்டிப் போட்டேன்.

மழை குறைந்தும் காற்று அடங்கவில்லை. தவசி இன்னும் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். நிச்சயத்தில் முதல் வெற்றிலை பாக்கு தாய்மாமனுக்கு. கயல் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். அவரால் கையை எடுக்க முடியவில்லை. அவளையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஈர மீசை துடித்தது. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே!" என்று கூப்பிட்டார். யாரை என்று யாருக்கும் உடனே விளங்கவில்லை. "உன்னத்தான் மாப்ளே, சரவணா. வந்து இந்தக் கம்பத்தைக் கொஞ்சம் பிடி. நான் என் மருமக கையால வெத்தலை வாங்கணும்."

சரவணன் ஓடி வந்து பிடித்துக்கொண்டான்.